ஓபன் சோர்ஸ் எலெக்டிவ்: 60 பேர், 15 வாரம், மார்க்கை எதுக்குப் போடுறது?

#1 லேப்_சாவி

வணக்கம். ஏழாவது செமஸ்டருக்கு ஓபன் சோர்ஸ் டெவலப்மென்ட் எலெக்டிவ் ஒண்ணு வருது. 60 பேர். வாரத்துக்கு ரெண்டு பீரியட் வகுப்பு, ரெண்டு பீரியட் லேப். சிலபஸ் வழக்கமான வரிசைதான்: ஜிஎன்யூ வரலாறு, லைசென்ஸ் வகைகள், லினக்ஸ் கட்டளைகள், அப்பாச்சி, பிஎச்பி, கடைசி யூனிட்டில் கிட் (கோடு மாற்றங்களைப் பதிவு செய்யற டூல்). இதை அப்படியே நடத்தினா ஓபன் சோர்ஸ்னா இலவச சாஃப்ட்வேர்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

மினி ப்ராஜெக்ட் வெச்சா கடைசி நாள் ராத்திரி ஒரே கமிட்டில் (கிட்ல ஒரே பதிவா) மொத்த ஃபோல்டரையும் கிட்ஹப்ங்கிற கோடு பகிரும் தளத்துல ஏத்துவாங்க. அதுக்கு பென் டிரைவே போதும். அதனால வெளியில் இருக்கிற உண்மையான ப்ராஜெக்ட்ல ஆளுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் ('என் மாற்றத்தை எடுத்துக்கோங்க'ன்னு அனுப்புற கோரிக்கை) மெர்ஜ் ஆகணும், அதாவது மூலக் கோடோட சேரணும், அதுக்கு இன்டர்னல்ல 40 மார்க்னு யோசனை. லேப்ல விண்டோஸ் மெஷின்கள்தான், நெட்டுக்கு ஃபயர்வால் உண்டு. நடத்திப் பார்த்தவங்க சொல்லுங்க.

#2 பேட்ச்காரன்

மேடம், மெர்ஜுக்கு மார்க் வைக்கவே வைக்காதீங்க. ப்ராஜெக்ட் பராமரிக்கிற பக்கத்துல இருந்து சொல்றேன்.

மெர்ஜ் பட்டனை அமுக்கறது மாணவர் கையில இல்ல. மெயின்டெய்னர் லீவுல இருக்கலாம், ரிலீஸுக்காக ரெண்டு வாரம் கோடு ஃப்ரீஸ் ஆகியிருக்கலாம், இதே மாற்றத்தை வேற ஒருத்தர் முந்தியிருக்கலாம். நல்லா எழுதினவனுக்கு பூஜ்யம், ரீட்மியில (ப்ராஜெக்ட்டோட அறிமுகக் கோப்பு) ஒரு எழுத்துப்பிழை திருத்தினவனுக்கு 40. மூணாவது வாரமே இந்தக் கணக்கு வகுப்புக்குப் புரிஞ்சிடும். அப்புறம் 60 பேரும் ரீட்மியைத்தான் தேடுவாங்க.

டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தோட ஓபன் சோர்ஸ் பங்களிப்பு விழாவான ஹேக்டோபர்ஃபெஸ்ட்ல 2020-ல இதுதான் நடந்தது. நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டி-ஷர்ட்னு விதி. ஊர்ப்பட்ட ரெப்போக்கள்ல (ப்ராஜெக்ட்டோட கோடு இருக்கிற இடம்) தலைப்புக்கு முன்னாடி ஒரு புகழ்ச்சி வார்த்தையைச் சேர்த்துட்டு அதை பங்களிப்புன்னு அனுப்பினாங்க. அக்டோபர் 3-ஆம் தேதியே டிஜிட்டல்ஓஷன் விதியை மாத்த வேண்டியதாச்சு: விருப்பம் தெரிவிச்ச ரெப்போக்கள் மட்டும்தான் கணக்குல வரும்னு. 2024 தொடக்கத்துல எக்ஸ்பிரஸ்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கோட ரெப்போவுக்கும் இதே கதி. கிட் சொல்லித்தர்ற ஒரு பிரபல வீடியோவில் அந்த ரெப்போவை உதாரணமா காட்டினாங்க. பார்த்தவங்க எல்லாம் ரீட்மியில தங்கள் பெயரைச் சேர்த்து புல் ரிக்வெஸ்ட் அனுப்ப ஆரம்பிச்சாங்க. அனுப்பினவங்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. எண்ணிக்கைக்குப் பரிசு வெச்சாலும், உண்மையான ரெப்போவைப் பயிற்சித் திடலா காட்டினாலும் விளைவு ஒண்ணுதான்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்க. புதுசா வர்றவர் அனுப்புற மாற்றத்தை ஒழுங்கா படிச்சு, ஓட்டிப் பார்த்து, பதில் எழுத அரை மணி நேரம். 60 பேர்னா 30 மணி நேரம். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சுற்றுன்னா 60 மணி நேரம். சம்பளம் இல்லாம வார இறுதியில வேலை செய்யற ஒருத்தர்கிட்ட இதைக் கேட்காமலே எடுத்துக்கறோம். அந்த நேரத்தை முதல்ல கல்லூரி தன் பக்கத்துல இருந்து போடணும், வெளியே கேட்கிறது அப்புறம்.

#3 நடுவரிசை

பேட்ச்காரன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வெளியே போகாமலே இருப்பதும் தீர்வு இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரு வரிசை தருகிறேன். வாரங்களை உங்கள் கால அட்டவணைக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம் கல்லூரிக்குள் ஒரு பொதுவான ரெப்போ. கிட்ஹப்பில் இருக்கலாம், லேப் சர்வரில் கிட்ஹப் போன்ற மென்பொருளான கிடீ அல்லது ஃபோர்ஜெயோ நிறுவியும் வைக்கலாம். இரண்டும் ஒரு பழைய மெஷினிலேயே ஓடும், ஃபயர்வால் தொல்லை கிடையாது. ரெப்போவில் 500 முதல் 1000 வரி வரைக்கும் ஓடுகிற நிரல், அதற்கு டெஸ்ட்டுகள், வேண்டுமென்றே விட்டு வைத்த 20 பிழைகள். முக்கியமான நிபந்தனை: யாருக்கும் நேரடியாக மெயின் கிளைக்குத் தள்ள அனுமதி இல்லை. ஃபோர்க் (தனக்கென ரெப்போவின் ஒரு நகல்), கிளை (அதற்குள் தனி வேலைத்தடம்), புல் ரிக்வெஸ்ட், சக மாணவர் ரிவ்யூ, பிறகுதான் மெர்ஜ். இரண்டு குழுக்களுக்கு ஒரே ஃபங்ஷனில் பிழையைக் கொடுங்கள். கான்ஃப்ளிக்ட் (இரண்டு மாற்றங்கள் ஒரே இடத்தில் மோதுவது) தானாக வரும். அதைப் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை தீர்த்துவிட்டால் பிறகு பயப்பட மாட்டார்கள்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஃபோர்க்கின் மெயின் கிளையிலேயே வேலை செய்து அங்கிருந்தே புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார்கள். முதலாவது நன்றாகப் போகும். அது திறந்திருக்கும்போதே அடுத்த பிழையைத் தொட்டால் புது கமிட்டும் பழைய ரிக்வெஸ்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதாக ஒன்று திறந்தால் அதில் முதலாவதும் சேர்ந்தே வரும். எனவே முதல் நாளிலிருந்தே அப்ஸ்ட்ரீம் என்ற பெயரில் மூல ரெப்போவை ரிமோட்டாக (வெளி முகவரியாக) சேர்ப்பது, ஒவ்வொரு வேலைக்கும் அப்ஸ்ட்ரீமின் மெயினிலிருந்து புதுக் கிளை எடுப்பது, இந்த இரண்டையும் கை தானாகச் செய்யும்வரை பழக்குங்கள்.

4, 5-ஆம் வாரம்: வெளி ப்ராஜெக்ட் தேர்வு. ஐந்து பேருக்கு ஒரு குழு, 12 குழு, 12 வெவ்வேறு ப்ராஜெக்ட். தேர்வை மாணவர்களிடம் முழுதாக விட்டால் எல்லோரும் ரியாக்ட், டென்சர்ஃப்ளோ போன்ற பிரபலமானவற்றைத்தான் எழுதுவார்கள். நீங்களே 20 ப்ராஜெக்ட் பட்டியல் தயாரித்து, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

6 முதல் 8 வரை ஒருவரும் கோடு எழுதக்கூடாது. பில்டு செய்வது (மூலக் கோடிலிருந்து மென்பொருளை உருவாக்குவது), டெஸ்ட்டை ஓட்டுவது, ஏற்கனவே பதிவான பிழை ஒன்றைத் தங்கள் மெஷினில் மறுபடி வரவழைப்பது, அவ்வளவுதான். எந்தப் பதிப்பு, எந்த ஓஎஸ், என்ன கொடுத்தோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதி அந்த இஷ்யூவில் (ப்ராஜெக்ட் பக்கத்தில் அந்தப் பிழைக்கான பதிவு) பதிவிடுவார்கள். 'இந்தப் பிழை இப்போதைய பதிப்பிலும் வருகிறது, வரவழைக்கும் குறைந்தபட்ச நிரல் இது' என்ற ஒரு குறிப்பு பல மெயின்டெய்னர்களுக்குப் புது கோடைவிடப் பெரிய உதவி. கிட் பைசெக்ட்டை இங்கேதான் கற்றுத்தர வேண்டும். 1000 கமிட்டுகளுக்குள் எது உடைத்தது என்று பத்து சோதனையில் கண்டுபிடிக்கும்போது அல்காரிதம் வகுப்பில் படித்த பைனரி சர்ச் முதல்முறை பயன்படுகிறது.

9 முதல் 13 வரை மாற்றம், வகுப்புக்குள் ரிவ்யூ, திருத்தம், பிறகு வெளியே அனுப்புவது. 14, 15 வைவா, ஒப்படைப்பு.

13-ஆம் வாரத்துக்கு மேல் புது புல் ரிக்வெஸ்ட் அனுமதிக்காதீர்கள். செமஸ்டர் முடிந்ததும் மாணவர் காணாமல் போவார், ரிவ்யூ கேள்விகள் அநாதையாகக் கிடக்கும்.

#4 வடக்கு_வீதி

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நடுவரிசை ஐயா சொன்ன வரிசை நல்லது. ப்ராஜெக்ட் தெரிவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடக் கதைக்க வேணும், ஏனெண்டால் பாடம் பிழைக்கிறது அங்கதான்.

இந்த வகைக் கற்பித்தலுக்கு இலங்கையோட ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களின்ர பதிவு, முகாம், நிவாரணம் எல்லாத்தையும் கையாள இங்கத்தைய தன்னார்வலர்கள் எழுதின மென்பொருள்தான் சஹானா. 2006-இல அமெரிக்காவின் கனெடிகட்டில உள்ள டிரினிட்டி கல்லூரி, மனிதாபிமான ஓபன் சோர்ஸ் மென்பொருளை வைச்சு மாணவருக்குக் கணினியியல் படிப்பிக்கிற திட்டத்தைத் தொடங்கினபோது எடுத்த முதல் ப்ராஜெக்ட் இதுதான். தன்னார்வலர் மேலாண்மைக்கான மொடியூலை அந்த மாணவர்கள் எழுதினவை. பிறகு அந்த வழியில ஆசிரியர்களுக்கெண்டே பொஸ்ஸி எண்ட பயிற்சியும் வந்தது. ரெட் ஹட் நிறுவனம் 2009-இல தொடக்கினது. மாணவரை அனுப்ப முதல் ஆசிரியர் தானே ஒரு சமூகத்துக்குள்ள நுழைஞ்சு பார்க்க வேணும் எண்டது அதின்ர அடிப்படை. டொரோன்டோவின் செனெகா கல்லூரியும் 2000-களின்ர நடுவிலேயே மொஸில்லாவை வைச்சுப் பாடம் நடத்தத் தொடங்கினது.

மாணவரை ஓபன் சோர்ஸ் வேலைக்கு எடுக்கிற கூகிள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தின்ர முதல் பத்து வருஷத்தில உலகத்திலேயே கூட மாணவர் தெரிவானது இலங்கையின்ர மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில இருந்து. சீனியர் எந்தச் சமூகத்தில இருக்கிறாரோ அங்க ஜூனியரைக் கூட்டிக்கொண்டு போறதை நான் இதில முக்கியமா நினைக்கிறன். 12 குழுவுக்கு 12 ப்ராஜெக்ட் எண்டு ஒவ்வொரு வருஷமும் புதுசு புதுசாப் போறதை விட, நாலைஞ்சு ப்ராஜெக்ட்டிலேயே வருஷக் கணக்கா நிண்டால் மெயின்டெய்னருக்கும் உங்கட கல்லூரியின்ர பெயர் பழகும், உங்களிட்டையும் அனுபவம் சேரும்.

தெரிவுக்கு நான் பார்க்கிறது இவை. கடைசி மூண்டு மாதத்தில வெளியாட்கள் அனுப்பின புல் ரிக்வெஸ்ட் எத்தினை மெர்ஜ் ஆனது (மெயின்டெய்னர் தானே போட்டதுகளைக் கணக்கில எடுக்கக்கூடாது). முதல் பதில் வர எத்தினை நாள். ரிவ்யூவில மனிசரோட மரியாதையாக் கதைக்கினமா. பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பு இருக்கோ, லைசென்ஸ் கோப்பு இருக்கோ. லைசென்ஸ் இல்லாத ரெப்போ கிட்ஹப்பில பகிரங்கமா இருந்தாலும் ஓபன் சோர்ஸ் இல்லை. இதைச் சொல்லிக் குடுக்காமல் விட்டால் பிள்ளையள் அங்கயே போய் நிப்பினம்.

கடைசியா, லேப் மெஷினில ஒரு மணித்தியாலத்துக்குள்ள பில்டு ஆக வேணும். லிப்ரே ஒஃபிஸைத் தெரிவு செய்தால் பில்டு முடியவே லேப் நேரம் போயிடும். 8 ஜிபி ராம் மெஷினில குரோமியத்தை (குரோம் உலாவியின்ர மூலம்) நினைச்சும் பார்க்காதேங்கோ.

#5 போர்ட்443

லேப் பக்கம் இருந்து சில விஷயம். பாடத்திட்டம் எவ்வளவு நல்லா இருந்தாலும் முதல் ரெண்டு லேப் இதுலயே போயிடும்.

கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-லிருந்து கமாண்ட் லைன்ல பாஸ்வேர்டை ஏத்துக்கறதில்ல. பசங்க சரியான பாஸ்வேர்டைத்தான் அடிப்பாங்க, ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டுன்னு வரும். டோக்கன் வேணும், இல்லன்னா எஸ்எஸ்எச் சாவி.

எஸ்எஸ்எச் போர்ட் 22-ல போகும். காலேஜ் ஃபயர்வால்ல அது பெரும்பாலும் அடைச்சிருக்கும், கமாண்ட் அப்படியே தொங்கும். கிட்ஹப்புக்கு எஸ்எஸ்எச்சை 443 வழியாவும் கொண்டுபோகலாம், அதுக்குன்னே தனி ஹோஸ்ட் வெச்சிருக்காங்க. எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்புல மூணு நாலு வரிதான்.

எல்லாத்தையும் விட மோசமானது இது. ஒரே மெஷின்ல காலையில ஒரு செட் பசங்க, மதியம் இன்னொரு செட். காலையில் வந்தவரோட கணக்கு விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜர்ல உக்காந்திருக்கும். மதியம் வந்தவர் புஷ் பண்ணா 403, 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு முன்னவர் பெயரைப் போட்டு வரும். 403-ஆவது கண்ணுக்குத் தெரியுது. குளோபல் கான்ஃபிக்ல இருக்கிற பெயரும் மின்னஞ்சலும் சத்தமே இல்லாம தப்பு பண்ணும். மதியம் வந்த 30 பேரோட கமிட்டும் அந்தந்த மெஷின்ல முன்னாடி உக்காந்தவர் பெயர்ல பதிவாகியிருக்கும், மார்க் போடும்போதுதான் தெரியும். ரெப்போவுக்குள்ள லோக்கலா பெயர், மின்னஞ்சல் வைக்கச் சொல்லுங்க. லாக்-அவுட் ஆகும்போது கிரெடென்ஷியலை (சேமிச்ச லாகின் விவரம்) அழிக்கிற ஒரு .bat ஃபைலை டெஸ்க்டாப்புல போட்டு வையுங்க. முடிஞ்சா விண்டோஸ்ல ஆளுக்கொரு லாகின் குடுத்துடுங்க, இந்த ரெண்டுமே வேண்டாம்.

கமிட்ல இருக்கிற மின்னஞ்சல் கிட்ஹப் கணக்குல சேர்த்ததா இல்லன்னா அந்தப் பங்களிப்பு அவங்க ப்ரொஃபைல்ல காட்டாது. பெர்சனல் மின்னஞ்சல் வெளிய தெரியக்கூடாதுன்னா கிட்ஹப்பே ஒரு நோ-ரிப்ளை முகவரி தரும், அதையே போட்டுக்கலாம்.

அடுத்தது வரி முடிவு. விண்டோஸ் எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போது வரிக் கடைசியில ரெண்டு குறி போடும், லினக்ஸ்ல ஒண்ணுதான். ஒரு வரி மாத்தினா டிஃப்ல (என்ன மாறியிருக்குன்னு காட்டுற பட்டியல்) 900 வரி சிவப்பும் பச்சையுமா நிக்கும். விஎஸ் கோடுல சேமிக்கும்போதே ஃபார்மட் பண்ற வசதி ஆன்ல இருந்தாலும் இதே கூத்துதான். ரிவ்யூவுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கிட் டிஃப்ல மாறின வரி எண்ணிக்கையைப் பாருன்னு ஒரே விதி போடுங்க. தான் மாத்தினதைவிட அதிகமா காட்டினா அனுப்பக்கூடாது.

30 மெஷினும் ஒரே நேரத்துல பெரிய ரெப்போவை குளோன் பண்ணா (முழு நகலை இறக்கினா) லைன் படுத்துடும். லேப் சர்வர்ல ஒரு மிரர் எடுத்து வெச்சு அங்கிருந்து குளோன் பண்ணி, அப்புறம் ரிமோட்டை மாத்திக்கலாம். டெப்த் 1 போட்டு குளோன் பண்றது வேகம்தான், ஆனா அதுல வரலாறு வராது. நடுவரிசை சார் சொன்ன பைசெக்ட் ஓடாது, எந்த வரியை யார் எழுதினாங்கன்னு காட்டுற பிளேமும் அந்த ஒரே கமிட்டைத்தான் காட்டும். ப்ளாப் (கோப்போட உள்ளடக்கம்) இல்லாத பார்ஷியல் குளோன் எடுத்தா வரலாறு முழுசா இருக்கும், கோப்பு மட்டும் தேவைப்படும்போது வரும்.

#6 லேப்_சாவி

ரொம்ப நன்றி, போர்ட்443 சொன்னதை லேப் இன்சார்ஜுக்கு அப்படியே அனுப்பிட்டேன்.

ரெண்டு கேள்வி. மெர்ஜுக்கு மார்க் இல்லன்னா எதுக்குப் போடுறது? தேர்வுப் பிரிவுக்கு எண் வேணும். ரெண்டாவது, ஏஐ. இஷ்யூவை அப்படியே ஒட்டினா பேட்ச் (திருத்தின கோடு) வந்துடுது. அதை எப்படிப் பிடிக்கிறது?

#7 நடுவரிசை

100-க்கு ஒரு பகிர்வு: பிழையை மறுபடி வரவழைத்த அறிக்கைக்கு 20. மற்றவர்களுக்குச் செய்த ரிவ்யூவுக்கு 25. தன் மாற்றத்துக்கும், அதன் மேல் வந்த கேள்விகளுக்குத் தந்த பதிலுக்கும் சேர்த்து 30. வைவா 15. ஒப்படைப்புக் குறிப்புக்கு 10. மெர்ஜ் ஆனதற்கு எதுவும் இல்லை.

ரிவ்யூவுக்கு 25 அதிகம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். எல்ஜிடிஎம் ('லுக்ஸ் குட் டு மி', பார்க்க நன்றாக இருக்கிறது) என்று நான்கு எழுத்து எழுதினால் பூஜ்யம். கிளையை இறக்கி ஓட்டினாரா, டெஸ்ட் போதாது என்று எந்த உள்ளீட்டைக் காட்டிச் சொன்னார், பெயரிடலைத் தாண்டி எதையாவது பார்த்தாரா, இவற்றுக்குத்தான் மார்க். ஒருவர் குறைந்தது மூன்று ரிவ்யூ. 60 பேர் செய்த 180 ரிவ்யூவையும் நீங்கள் படிக்க முடியாது. ஆளுக்கு ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்துப் படியுங்கள், எதை எடுப்பீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

ஆதாரத்துக்கு கமிட் தேதியை நம்பாதீர்கள், அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் இருக்கும் நேர வரிசை சர்வர் பதிவது, அதைப் பாருங்கள். கிட் ஷார்ட்லாக்கில் ஆளுக்கு இத்தனை என்று வரும் கமிட் எண்ணிக்கையும் அளவுகோல் இல்லை. ஸ்குவாஷ் செய்து மெர்ஜ் செய்யும் ப்ராஜெக்ட்டில் 12 கமிட் ஒன்றாகிவிடும். இருவர் சேர்ந்து எழுதினால் கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆதர்டு-பை வரி போடவில்லை என்றால் ஒருவர் பெயர் மறைந்தே போகும்.

#8 பேட்ச்காரன்

ஏஐ பற்றி. பிடிக்கிற டூல்களை நம்பி இறங்காதீங்க, கோடுல அது சுத்தமா எடுபடாது. கேள்வியை மாத்திக் கேளுங்க.

வைவாவுல மாணவரோட டிஃபைத் திறந்து ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துட்டா எந்த டெஸ்ட் உடையும்னு கேளுங்க. சொன்னதும் அங்கேயே நீக்கி ஓட்டச் சொல்லுங்க. அடுத்து, மாத்தின ஃபங்ஷனுக்கு மேல கிட் பிளேம் போட்டு, பழைய வரியை யார், எதுக்காக அப்படி எழுதியிருந்தாங்கன்னு கேளுங்க. அந்தக் கமிட் செய்தியைப் படிச்சிருந்தாதான் பதில் வரும். ரெண்டு கேள்விக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம். கோடை யார் எழுதினதா இருந்தாலும், அதுக்குப் பொறுப்பேத்துக்க ஆள் இருக்காங்களான்னுதான் நாங்களும் பார்க்கிறோம்.

ப்ராஜெக்ட்டோட கொள்கையையும் படிக்க வையுங்க. ஜென்டூ லினக்ஸ் ப்ராஜெக்ட் 2024 ஏப்ரல்ல ஏஐ உதவியோட உருவான பங்களிப்பு வேண்டாம்னு முடிவெடுத்தது. வேற சில ப்ராஜெக்ட்கள் அனுமதிக்கும், ஆனா குறிப்பிடச் சொல்லும். டிசிஓ (டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்) கேட்கிற ப்ராஜெக்ட்ல கமிட் கடைசியில சைன்டு-ஆஃப்-பை போடறது வெறும் சடங்கு இல்ல. 'இதை இந்த லைசென்ஸ்ல தர எனக்கு உரிமை இருக்கு'ன்னு எழுத்துல தர்ற உறுதி. 2004-ல லினக்ஸ் கெர்னலுக்காக வந்தது. என்னன்னு புரியாம அந்த வரியைப் போடறவன் பொய் உறுதி தர்றான்.

ரிவ்யூ கமென்ட்டுக்கு ஏஐ எழுதின நீளமான பதிலை ஒட்டறதுதான் மெயின்டெய்னருக்கு ஏறுற முதல் கோபம். ஒரு வரி கேட்டா ஒரு வரி சொன்னா போதும். ஆங்கிலம் உடைஞ்சிருந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

#9 புள்ளிவைத்த_எழுத்து

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கோடு பயமாக இருக்கும் மாணவர்களுக்குத் தமிழாக்கம் கொடுத்துவிடலாமே? வெப்லேட், பான்டூன் என்ற மொழிபெயர்ப்புத் தளங்கள் இரண்டிலும் உலாவியிலேயே செய்யலாம், பில்டு தேவையில்லை.

#10 வடக்கு_வீதி

> கோடு பயமாக இருக்கும் மாணவர்களுக்குத் தமிழாக்கம்

சுகமான வேலை எண்டு குடுத்தால் கூகிள் மொழிபெயர்ப்பில போட்டு 500 சரத்தை (மென்பொருள் திரையில காட்டுற சொற்றொடர்) ஒரே இரவில ஏத்திவிடுவினம். அதைத் துப்புரவாக்க ஒருத்தருக்கு மாதக் கணக்கில போகும். தமிழ் அணிகள் சின்னன். பரிசீலிக்கிறவர் ஒருவரோ இருவரோதான்.

குடுக்கிறதெண்டால் ஒழுங்காக் குடுங்கோ. ஆளுக்கு 30 சரம், அவ்வளவுதான். அந்த அணியின்ர சொற்பட்டியலை முதல் வாசிக்க வேணும். ஒரே செயலியில ஒரு இடத்தில 'கோப்பு', இன்னொரு இடத்தில 'ஃபைல்' எண்டு வரக்கூடாது. சரத்துக்குள்ள இருக்கிற சதவீதக் குறி மாறிகளைத் தொடக்கூடாது, ஒண்டு விடுபட்டால் மென்பொருளே விழலாம். மொழிபெயர்ப்பு இருக்கிற பிஓ கோப்பை எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையில செக் தெரிவோட ஓட்டினால் இந்தப் பிழை எல்லாம் பிடிபடும். தமிழில பன்மைக்கு இரண்டு வடிவம் எண்டு தலைப்பில குறிச்சிருக்கும், இரண்டையும் நிரப்ப வேணும். பிறகு செயலியைத் தமிழில திறந்து, பட்டனுக்குள்ள சொல் அடங்குதோ எண்டு படம் பிடிச்சுக் காட்ட வேணும். அந்தக் கடைசிப் படிக்குத்தான் நான் கூடப் புள்ளி போடுவன்.

#11 நடுவரிசை

தமிழ் பக்கம் போனதால் ஒரு சேர்க்கை. மொழி தெரிந்தவருக்கு மட்டுமே கண்ணில் படும் பிழைகள் கோடிலும் உண்டு. நம் மாணவர்கள் மற்றவர்களை முந்துவது இங்கேதான்.

பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 15. வாசிப்பவர் கண்ணுக்கு எழுத்து 3. திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து வெற்று வட்டத்தின் மேல் உட்காரும். ஓபன்-தமிழ் லைப்ரரியில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது, அதன் மூலத்தை வகுப்பில் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். 200 வரி கோடைப் படித்துப் புரிந்துகொள்வதும் பயிற்சிதான். நாம் எழுதவே சொல்லித்தருகிறோம், படிக்கச் சொல்லித்தருவதே இல்லை.

அடுத்த படி: 'கொ'வை ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி, ஒப்பிட்டால் சமமில்லை. என்எஃப்சி (யூனிகோடின் ஒருங்குபடுத்தும் முறை) செய்தால் ஒன்றாகும். சரி, 'கௌ'? அதையும் இரண்டாக உடைத்து எழுதினால் என்எஃப்சி சேர்த்துவிடும். ஆனால் பலர் தட்டச்சு செய்வது 'கெள', அதாவது கெ போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்து. இதை என்எஃப்சி தொடாது, தொடவும் கூடாது, ஏனென்றால் 'கெளுத்தி'யில் அது உண்மையான ள. தேடல் பெட்டி உள்ள எந்தச் செயலியிலும் 'கௌரி'யைத் தேடி 'கெளரி' கிடைக்கிறதா என்று மாணவர் சோதிக்கலாம். கிடைக்கவில்லை என்றால் அது பிழையா, எங்கே திருத்துவது, தேடலிலா, உள்ளீட்டிலா, அகராதி வைத்தா? இந்த ஒரு இஷ்யூவை ஒழுங்காக எழுதி விவாதிப்பதற்கே ஒரு குழுவுக்கு மூன்று வாரம் தாராளமாகப் பிடிக்கும்.

(60 பேரையும் ஒரே தமிழ் லைப்ரரிக்கு அனுப்பிவிடாதீர்கள். பேட்ச்காரன் போட்ட 30 மணி நேரக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.)

#12 போர்ட்443

புதுசா பங்களிக்கிறவங்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். புல் ரிக்வெஸ்ட் போட்டதும் டெஸ்ட் எதுவும் ஓடாம 'அனுமதிக்காகக் காத்திருக்கு'ன்னு நிக்கும். முதல்முறை வர்றவங்களோட ரிக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (டெஸ்ட்டை கிட்ஹப் சர்வர்லயே ஓட்டுற வசதி) தானா ஓடாது, மெயின்டெய்னர் அனுமதிக்கணும். கிரிப்டோ மைனிங்குக்கு இந்த வசதியைத் தவறா பயன்படுத்தினதால 2021-ல கொண்டுவந்த கட்டுப்பாடு. பசங்க ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு நினைச்சு மூடிட்டு மறுபடி திறப்பாங்க, மெயின்டெய்னருக்கு ஒவ்வொண்ணுக்கும் மெயில் போகும். பேசாம காத்திருக்கச் சொல்லுங்க. அதே டெஸ்ட்டை தங்கள் ஃபோர்க்ல ஓட்டிப் பார்த்துக்கலாம்.

#13 லேப்_சாவி

மாணவர்களை வெளிய அனுப்பும்போது கல்லூரி பக்கத்துல சட்டம், ஒழுங்கு சம்பந்தமா ஏதாவது கவனிக்கணுமா? துறைத்தலைவர் கேட்கிறார்.

#14 பேட்ச்காரன்

மூணு விஷயம்.

ஒண்ணு, காப்புரிமை. மாணவர் எழுதினது கல்லூரிக்குச் சொந்தம்னு சில கல்லூரி விதியில இருக்கும். அப்படி இருந்தா மாணவர் தன் பேர்ல டிசிஓ கையெழுத்தோ சிஎல்ஏவோ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) போடறது சிக்கல். 'இந்தப் பாடத்துக்காக எழுதினதை ப்ராஜெக்ட்டோட லைசென்ஸ்ல வெளியிட கல்லூரிக்கு ஆட்சேபம் இல்லை'ன்னு ஒரு பக்கக் கடிதம் செமஸ்டர் தொடக்கத்துலயே வாங்கி வையுங்க.

ரெண்டு, மாணவரோட விருப்பம். பொதுவெளியில பெயர் பதியறது காலத்துக்கும் நிக்கும். ரிவ்யூவுல வாங்கின திட்டும் நிக்கும். புனைபெயர்க் கணக்குக்கு அனுமதி குடுங்க, எந்தக் கணக்கு யாருதுன்னு உங்ககிட்ட மட்டும் பட்டியல் இருந்தா போதும். வெளிய போகவே விரும்பாதவருக்கு வகுப்பு ரெப்போவுல அதே அளவு வேலை குடுங்க. அதுக்காக மார்க்கைக் குறைக்காதீங்க.

மூணு, மெயின்டெய்னருக்கு மறைக்காதீங்க. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலுக்குத் தெரிஞ்சே ஓட்டை உள்ள பேட்ச் அனுப்பி, ரிவ்யூவுல பிடிபடுதான்னு சோதிச்சாங்க. 2021 ஏப்ரல்ல விஷயம் வெடிச்சு, கெர்னல் மெயின்டெய்னர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்துல இருந்து வர்ற பங்களிப்பையே நிறுத்தினார். ஏற்கனவே போயிருந்த பேட்ச்களையெல்லாம் திரும்ப ஒண்ணொண்ணா பார்க்க வேண்டியிருந்தது, ஆய்வுக் கட்டுரையையும் திரும்பப் பெற்றாங்க. உங்க வகுப்பு அந்த ரகம் இல்ல. ஆனா சொல்லாம அஞ்சு பேர் ஒரே வாரத்துல ஒரே மாதிரி நடையில வந்து நின்னா எங்களுக்கு முதல்ல சந்தேகம்தான் வரும்.

அஞ்சாவது வாரம் நீங்களே அவங்க ஃபோரத்துலயோ மெயிலிங் லிஸ்ட்லயோ எழுதுங்க: எந்தப் பாடம், எத்தனை பேர், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், எந்த இஷ்யூக்களைத் தொட நினைக்கிறோம், எங்க பக்கத்துல ரிவ்யூ பண்ணிட்டுத்தான் அனுப்புவோம், பிரச்சினைன்னா தொடர்பு கொள்ள என் முகவரி இது. பதில் வரலன்னா அந்த ப்ராஜெக்ட்டைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. பதில் இல்லாததும் ஒரு பதில்தான்.

இன்னொண்ணு, இஷ்யூவுக்குக் கீழ 'ப்ளீஸ் அசைன் மீ'ன்னு போய் வரிசையில நிக்க வேண்டாம்னு சொல்லுங்க. முதல்ல பிழையை வரவழைச்ச குறிப்பு, அப்புறம் 'இந்த ஃபங்ஷன்ல இப்படி மாத்தலாம்னு நினைக்கிறேன், சரியா?'ன்னு ரெண்டு வரி. அப்படி எழுதறவருக்கு நாங்களே கூப்பிட்டு அசைன் பண்ணுவோம்.

#15 லேப்_சாவி

கடிதத்துக்கும் மெயிலுக்கும் வரைவு போட்டுட்டேன். ஒப்படைப்புக் குறிப்புன்னு 10 மார்க் வெச்சீங்களே நடுவரிசை சார், அதுல என்ன இருக்கணும்? செமஸ்டர் முடியும்போது திறந்தே கிடக்கிற ரிக்வெஸ்ட்டை என்ன செய்யறது?

#16 நடுவரிசை

ஒரு பக்கம் போதும். எந்த இஷ்யூ, எந்தக் கிளை, இதுவரை என்ன முடிந்தது, ரிவ்யூவில் கேட்டதில் எது பாக்கி, எதை முயன்று எது ஏன் சரிவரவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் அடுத்து வருபவருக்கு அதிகம் பயன்படும், மாணவர்கள் முதலில் விட்டுவிடுவதும் அதைத்தான்.

திறந்திருக்கும் ரிக்வெஸ்ட்டுக்கு மூன்று வழி. மாணவர் தொடர்வதாக இருந்தால் அங்கேயே எழுதட்டும், தேதி குறிப்பிட்டு. தொடர மாட்டார் என்றால், 'நான் தொடர இயலாது, யார் வேண்டுமானாலும் இந்தக் கிளையை எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி, மெயின்டெய்னர்கள் திருத்தலாம் என்ற தெரிவை ஆன் செய்துவிட்டு, ஃபோர்க்கை அழிக்காமல் விடட்டும். செமஸ்டர் முடிந்ததும் ஃபோர்க்கை டெலீட் செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு, அதில் மட்டும் இருக்கும் வேலை அதோடு போய்விடும். அடுத்த ஆண்டு மாணவர்களில் யாராவது எடுப்பதாக இருந்தால் பழையவரின் கமிட்டுகளை அப்படியே வைத்து மேலே கட்டட்டும், ஆதர் பெயரை மாற்றாமல்.

அந்தக் குறிப்புகளையெல்லாம் வகுப்பு ரெப்போவில் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஜூலையில் பாடம் தொடங்கும்போது உங்கள் 20 ப்ராஜெக்ட் பட்டியலை அங்கிருந்தே எடுக்கலாம்.